மூன்றாவது வேண்டாம்

கப்பலை விட்டு இறங்கிய அன்றைக்கே செண்பகவல்லி தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டது அவளுக்குத் தெரியவே வெகுநாள் ஆயிற்று.

ஸ்கார்வென் என்ற அந்த வடகடல் ஊரில் அவளுக்கு ஒதுக்கியிருந்தது துறைமுகத்தைப் பார்த்த ஒற்றை அறை வீடு. பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் கதவு தட்டும் சத்தம். திறந்தால் நிலைவாசல் உயரத்துக்கு ஒரு பெண், கையில் ஆவி பறக்கும் குவளை. பக்கத்து வீட்டுக்காரி, பெயர் இங்கா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். இதையெல்லாம் செண்பகத்தின் காதில் செருகியிருந்த மொழிபெயர்ப்புக் குமிழ் வானொலியில் செய்தி வாசிப்பவர் குரலில் சொல்லிற்று. கடைசியாக, “நீங்கள் காபி அருந்துகிறீர்களா?” என்றது.

கப்பலில் கொடுத்த சப்பென்ற கஷாயத்தைக் குடித்துக் குடித்து அவள் நாக்கு செத்துக் கிடந்தது. அந்தக் காபி வாசனைக்குச் சொத்தையே எழுதிக் கொடுத்திருப்பாள். ஆனால் கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்தவள், முன்பின் தெரியாத ஆள் கேட்டவுடனே கையை நீட்டிவிடுவாளா? காணாததைக் கண்டவள் என்று நினைத்துவிட மாட்டார்களா? “இல்லங்க, வேண்டாம். இப்பத்தான் குடிச்சேன்” என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சிரித்த முகமாக நின்றாள். அடுத்து “அட, சும்மா குடிங்க” என்று ஒரு வார்த்தை வரும், நாமும் “சரி, ஒரு வாய்” என்று வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். அதுதானே முறை!

இங்கா “நல்லது” என்றாள். குவளையோடு திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செண்பகத்தின் மணிக்கட்டில், துறைமுகத்தில் இறங்கும்போதே மாட்டிவிட்ட பட்டை சில்லென்று ஒரு தரம் குளிர்ந்தது. குளிர் தேசம், எல்லாம் குளிரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் ஊரிலிருந்து கொண்டுவந்த கடலைமிட்டாயை எடுத்துக்கொண்டு இவளே போய்க் கதவைத் தட்டினாள். இங்கா ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கினாள், நின்ற இடத்திலேயே கடித்தாள், “நன்றாக இருக்கிறது” என்றாள், மிச்சத்தையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். செண்பகத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சரி, அவர்கள் பழக்கம் அப்படி போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அப்போது இங்கா சனிக்கிழமை மதியம் சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டாள். “ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம், வேண்டாம்” என்றாள் செண்பகம். பட்டை மறுபடி குளிர்ந்தது. இங்கா தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இந்த ஊருக்கு அவள் வந்தது கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வெல்டிங் சோதிக்கும் வேலைக்கு. வேலைக்கு ஒரு குறையும் இல்லை. ஒட்டு சரியில்லை என்று இவள் சுண்ணக்கட்டியால் கோடு போட்டால் மேஸ்திரி மறுபேச்சுப் பேசாமல் திரும்பப் பற்றவைக்கச் சொல்வார். ஆனால் அந்தத் தேசத்தில் தங்குவதற்கு வேலை மட்டும் போதாது. துறைமுகம் உறைவதற்குள் மூன்று பேரோடு முடிச்சு விழ வேண்டும். விழாவிட்டால் கடைசிக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், மறுபடி மனுப் போட முடியாது.

முடிச்சு என்றால் என்ன என்று அவளுக்கு விளங்கவைத்தது ஞானதுரை அண்ணாச்சி. கோவில்பட்டிக்குத் தெற்கே நாசரேத்துக்காரர், இங்கே வந்து காலம் பலவாகி, துறைமுகத்துக் கேண்டீனைப் பார்த்துக்கொள்கிறார். முதல் முடிச்சு அவரோடுதான் விழுந்தது. கேண்டீனில் அவர் வைத்த சாம்பாரை முகர்ந்து பார்த்து, “பெருங்காயம் போடலயே அண்ணாச்சி” என்று இவள் சொல்ல, அவர் தட்டைப் பிடுங்கிக்கொண்டு சண்டைக்கு வர, இரண்டு பேர் பட்டையும் இதமாகச் சூடேறிற்று. இரண்டு உடம்பும் ஒன்றுக்கொன்று கூச்சமில்லாமல், பயமில்லாமல் இருந்தால் பட்டை சூடாகும். அந்தச் சூடு நிலைத்தால் முடிச்சு. இரண்டாவது, பட்டறையில் உடன் வேலை செய்யும் ரொசாரியோவோடு. அவன் மணிலாக்காரன், சுவரைப் பார்த்தாலும் சிரிக்கிற பிறவி, அவனோடு முடிச்சு விழாதவர்களே அந்த ஊரில் கிடையாது. மூன்றாவதுதான் சிக்கல். மூன்றில் ஒன்றாவது அந்த மண்ணிலேயே பிறந்தவரோடு இருக்க வேண்டும் என்பது சட்டம்.

“இங்கா இருக்காளே அண்ணாச்சி, பக்கத்து வீடு. தங்கமான ஆளு” என்றாள் செண்பகம்.

அண்ணாச்சி அவள் பட்டையைத் திருப்பி, உள்பக்கம் பார்த்தார். அங்கே மெல்லிசாக இரண்டு நீலக் கோடு. அவர் முகம் மாறிவிட்டது. “என்ன தாயி இது? ரெண்டு தடவ அவளை வேண்டாம்னு சொல்லியிருக்கியே” என்றார்.

அவள் காபியையும் சனிக்கிழமைச் சாப்பாட்டையும் சொன்னாள். சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னது அண்ணாச்சி, நிஜமாகவா சொன்னேன் என்றாள்.

“அது எனக்குத் தெரியுது. பட்டைக்குத் தெரியுமா?” என்று அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “கேளு. இந்த ஊர்ல வேண்டாம்னா வேண்டாந்தான். ஒருத்தர மூணு தடவ மறுத்துட்டேன்னு வையி, விலக்கு விழுந்துரும். பெறகு அவ குளிர்காலம் முடியற வரைக்கும் உங்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது. மீறிக் கேட்டா அவ பட்டைல சிவப்புக் கோடு. அது மூணு விழுந்தா எந்திரத்துல கை வைக்க விடமாட்டான்.”

இது என்ன கூறுகெட்ட சட்டம் என்றாள் செண்பகம்.

“கூறுகெட்ட சட்டம் இல்ல பிள்ள. நம்ம ஊர்ல, வேண்டாம்னு சொன்ன பெறகும் பொம்பளப் பிள்ளைக பின்னாலயே சுத்துனானுகளே, எத்தன பேரு? அந்தப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பட்டை இருந்திருந்தா?” என்றார் அண்ணாச்சி.

செண்பகம் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரே ஆளை, வாய்க்கு வந்த மரியாதையால் பாதிக்குமேல் விரட்டியாயிற்று என்பது மட்டும் தெரிந்தது.

அவள் பயத்துக்குக் காரணம் கோவில்பட்டியில் இருந்தது. மகள் ஆதிரை, இரண்டாம் வகுப்பு. இப்போதெல்லாம் அங்கே பங்குனி பிறந்துவிட்டால் பொழுது ஏறியபின் யாரும் வெளியே தலைகாட்ட முடியாது. செண்பகத்தின் கணவன் சுடலைமணி நாலுவழிச் சாலை வேலைக்குப் போய், மதியச் சங்கு ஊதுவதற்குள் வெயிலில் சுருண்டு விழுந்து போய்ச் சேர்ந்தான். பிள்ளைக்கு அப்பன் உடம்பு. வேர்வை சரியாக வராத உடம்பு, இன்னொரு கோடை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாத்தனார் வீட்டில், பகலெல்லாம் ஈரத்துணி போர்த்தி உட்கார வைத்திருக்கிறார்கள். இங்கே மூன்று முடிச்சு விழுந்தால் பனி உருகியதும் வரும் முதல் கப்பலில் ஆதிரை வந்துவிடலாம். விழாவிட்டால் அம்மாதான் திரும்பிப் போவாள், அடுத்த பங்குனியைப் பார்த்துக்கொண்டு.

அன்றிலிருந்து செண்பகம் ஒரு முடிவுக்கு வந்தாள். இங்கா எதைக் கேட்டாலும் சரி. வாயிலிருந்து வேண்டாம் என்ற சொல்லே வரக் கூடாது.

நல்ல வேளை, இங்கா கேட்பதை நிறுத்தவில்லை. அவளுக்கும் ஏதோ ஒரு தேவை இருந்திருக்க வேண்டும். புளித்த மீனை ரொட்டியில் வைத்து நீட்டினாள். செண்பகம் கண்ணில் நீர் வர விழுங்கிவிட்டு, அருமை என்றாள். ஒரு நாள் பனிக்கட்டி மிதக்கும் கடலில் குளிக்கக் கூப்பிட்டாள். நீச்சலும் தெரியாது, உடம்பைக் காட்டிப் பழக்கமும் கிடையாது, இருந்தும் செண்பகம் புடவைக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கி, அலறாமல் ஏறினாள். கிரேன் மேலே வருகிறீர்களா என்று கேட்டாள். உயரம் என்றாலே இவளுக்குக் கால் நடுங்கும், சரி என்று ஏறினாள். அந்தக் கண்ணாடிக் கூண்டில் இங்கா வேறு ஆளாக இருந்தாள். ஒரு முழுக் கொள்கலனை எடுத்து முட்டையை வைப்பதுபோல் கப்பலில் வைத்தாள். வைத்துவிட்டு, இந்தக் கூண்டு இல்லாவிட்டால் தான் எதற்கு ஆவேன் என்று சொல்லிச் சிரித்தாள்.

எல்லாம் ஆயிற்று. பட்டை மட்டும் சூடாகவில்லை.

ஆகுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, இது சரிப்படுமா, இப்போதாவது சூடு வருமா என்று மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பவளின் உடம்பு எப்படி இளகும். இங்காவுக்கும் அது தெரிந்தது. கூண்டிலிருந்து இறங்கும்போது, “நீங்கள் எல்லாவற்றுக்கும் சரி என்கிறீர்கள். ஆனால் என்னைக் கண்டு பயப்படுகிறீர்கள். ஏன்?” என்று கேட்டாள். இவள், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

வீடு திரும்பினால் சுவர்தான் துணை. மெல்லிய சுவர். அந்தப் பக்கம் இங்கா காபியைக் கலக்கும் கரண்டிச் சத்தம்கூடக் கேட்கும். சாயங்காலமானால் அந்தச் சுவரில் டொக், டொக் என்று மெதுவாக இரண்டு தட்டு. வெந்நீர்க் குழாய் போலிருக்கிறது என்று செண்பகம் முதலில் நினைத்தாள். பிறகு பழகிவிட்டது.

துறைமுகத்தில் தண்ணீர் மேல் பாலாடை மாதிரிப் பனி படியத் தொடங்கியது. கடைசிக் கப்பலுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று ரொசாரியோ, சிரிக்காமல், வந்து சொன்னான். அவன் சிரிக்காததைப் பார்த்துத்தான் செண்பகத்துக்கு நிஜமான பயம் வந்தது.

அன்றைக்குத் திரையில் வந்த ஆதிரை, அம்மாவுக்கு இன்னும் ஃப்ரெண்ட் கிடைக்கவில்லையா என்று விசாரித்தாள். “நான் இந்த ஸ்கூல்ல சேந்த அன்னிக்கே பிடிச்சிட்டேன்மா. ரப்பர் வேணுமான்னு கேட்டா, வாங்கிட்டேன். அவ்ளோதான். நீ என்ன பண்ற அங்க?” என்றாள். தோளில் ஈரத்துணி. உதடு வெடித்திருந்தது. செண்பகம் வேலை இருப்பதாகச் சொல்லித் திரையை அணைத்துவிட்டு, குமுறிக் குமுறி அழுதாள். அழுத சத்தம் சுவரைத் தாண்டியிருக்கும். அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. யாரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் அண்ணாச்சி அவளைக் கேண்டீனின் பின்கட்டுக்குக் கூட்டிப் போய், காகிதத்தில் மடித்த ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைக் கையில் வைத்தார். நாக்குக்கு அடியில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் உடம்பு பூராவும் தளர்ந்துவிடும், பக்கத்தில் யார் இருந்தாலும் பட்டை சூடாகும் என்றார். இதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, அவர் கொஞ்சநேரம் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எனக்கு மூணாவது முடிச்சு இதுலதான் விழுந்துச்சு. பேரு ஹென்ரிக். நல்ல மனுசன், என்னைய நம்பினான். அதுக்குப் பெறகு அவன் மொகத்தப் பாக்க எனக்குத் தெம்பில்ல. தெருவுல வந்தா எதிர்ச் சாரிக்குப் போயிருவேன். இன்னைக்கும் அப்படித்தான்” என்றார். பிறகு, “ஆனா எம் பிள்ளைக இங்க இருக்கு. உயிரோட இருக்கு. நீ யோசிச்சுக்கோ” என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது. கப்பல் கிளம்பும் நாள் வந்துவிட்டது. பொழுது மதியத்துக்கு மேல் மசங்கிவிடுகிற பருவம். சாயங்காலம் மூன்றாவது சங்கு ஊதியதும் கப்பல் புறப்படும். அதற்கு முன்னால் அதிகாரி வந்து அழைத்துப் போவார். செண்பகம் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, காகிதத்தைப் பிரித்தாள். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு இங்கா வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. ஏமாற்றுவதுதான். அதைவிட, பிள்ளையைச் சாகக் கொடுப்பது நல்லதா?

மாத்திரையை எடுத்த கை வாய்க்குப் போவதற்குள் கதவு தட்டப்பட்டது.

இங்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் கனமான ஒரு கம்பளிக் கோட்டு, கழுத்தில் ரோமம் வைத்தது, முழங்கையில் அழகாக ஒட்டுப் போட்டது. செண்பகத்தின் மெல்லிய அங்கியைக் காட்டி, இது கப்பலுக்குப் போதாது, இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். “இது என் தம்பி எரிக் அணிந்தது. அவன் இறந்துவிட்டான். இதே அறையில். நீங்கள் இதை எடுத்துக்கொள்வீர்களா?”

செண்பகத்துக்குக் கால் பின்வாங்கிற்று. சரி என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. இத்தனை நாள் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. மீனுக்குச் சரி, கடலுக்குச் சரி, கிரேனுக்குச் சரி. கையிலே மாத்திரை வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. கோட்டை வாங்கித் தோளில் போட வேண்டியதுதானே, துணிதானே?

முடியவில்லை. சுடலைமணி போன மறுநாள் அவனுடைய நீலக் கட்டம்போட்ட சட்டையை அவள் கையாலேயே நெருப்பில் போட்டாள். அதிலே அவன் வேர்வை வாசனை இருந்தது. போடாதே, வைத்துக்கொள் என்று உள்ளே கதறிற்று, இருந்தும் போட்டாள். செத்தவர் உடுத்திய துணியை உடம்பில் போடுவதில்லை. அவன் சட்டைக்குச் செய்யாததை இன்னொருவன் கோட்டுக்கு எப்படிச் செய்வாள்?

“வேண்டாம்” என்றாள். வந்த நாளிலிருந்து அவள் இங்காவிடம் பேசிய முதல் நிஜமான சொல் அது.

இரண்டு பட்டையும் ஒரே நேரத்தில் கூவின. இங்காவின் முகம் அப்படியே இருண்டுவிட்டது. விலக்கு. அவள் கோட்டை மார்போடு சேர்த்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள், இன்னொரு அடி, பிறகு தன் வீட்டுக்குள். கதவு சாத்தப்பட்டது. துறைமுகத்தில் முதல் சங்கு ஊதிற்று.

செண்பகம் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். ஆதிரையின் வெடித்த உதடு கண்ணுக்கு முன்னால் வந்தது. பாவி, ஒரு கோட்டைப் போட்டுக்கொள்ள உனக்கு என்ன கேடு வந்தது என்று தன்னையே வைதுகொண்டாள். அப்போதுதான் கேட்டது. சுவரில், டொக், டொக்.

குழாய் இல்லை. குழாயாக இருந்தால் தினமும், சொல்லிவைத்தாற்போல் இரண்டே தட்டு தட்டுமா? இதே அறையில் என்றாளே. செண்பகம் எழுந்து சுவரண்டை போனாள். விலக்கு விழுந்தால் இங்காதான் கேட்கக் கூடாது. இவள் பேசுவதற்குத் தடையில்லை.

“இங்கா, கோட்டத்தான் வேண்டாம்னேன். உன்னைய வேண்டாம்னு சொல்லல” என்றாள். நீங்க என்பது எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. சுடலைமணியின் சட்டையைச் சொன்னாள். அது எரிந்தபோது வந்த வாசனையைச் சொன்னாள். அதுவரை அந்த ஊரில் யாரிடமும் சொல்லாதது. “மொத நாளு காபிக்கு வேண்டாம்னேன்ல, அது பொய். செத்துப் பொழச்சு வந்திருந்தேன், அந்தக் காபிக்கு ஏங்கிப்போய் நின்னேன். எங்க ஊர்ல ஒரு தடவ வேண்டாம்னா அதுக்கு வேண்டாம்னு அர்த்தம் இல்ல. திரும்பக் கேக்கணும். கேப்பேன்னு நின்னுக்கிட்டே இருந்தேன்.”

அந்தப் பக்கம் நாற்காலியைச் சுவரண்டை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு குமிழ் அதே செய்தி வாசிக்கும் குரலில் பேசிற்று. அதற்குப் பின்னால், சுவர் வழியாக, இங்காவின் சொந்தக் குரல் உடைந்து உடைந்து வந்தது.

“ஒரு ஞாயிற்றுக்கிழமை எரிக்கைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றான். நான் மரியாதை தெரிந்த அக்கா. திரும்பக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் கேட்கவில்லை. தினமும் சுவரை மட்டும் தட்டுவேன், அவனும் தட்டுவான். ஒரு நாள் தட்டவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தேன். பிறகு கதவை உடைத்தார்கள்.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “அந்தக் குளிர்காலத்தில் அவனைப் போல் நிறையப் பேர் போனார்கள். அதன் பிறகுதான், யாரும் தனித்துப் போகக் கூடாது என்று இந்தப் பட்டை வந்தது. அதிலும் எழுதி வைத்தார்கள், மூன்று முறை மறுத்தால் விட்டுவிடு என்று.”

செண்பகம் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு விரலால் தட்டினாள். டொக், டொக்.

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொதிக்கிற சத்தம். இரண்டாவது சங்கு ஊதிற்று.

“காபி போட்டிருக்கிறேன். அருந்துகிறீர்களா?” என்றாள் இங்கா. அவள் பட்டை சுளீரென்று அடிக்கும் ஒலி சுவர் தாண்டிக் கேட்டது. ஒரு சிவப்புக் கோடு.

“கேக்காத இங்கா. வேண்டாம். உன் கிரேனைப் பிடுங்கிருவாங்க.”

“காபி அருந்துகிறீர்களா?” மறுபடி சுளீர்.

“வேண்டாம்னு சொல்றேன்ல, சொன்னாக் கேளு.”

செண்பகம் சுவரில் காதை வைத்தாள். இனி ஒரு தடவை கேட்டால் அந்தக் கண்ணாடிக் கூண்டு போய்விடும். கேட்காதே என்று மனசார வேண்டினாள். கேட்டுவிடு, கேட்டுவிடு என்று அதே மனசு அடித்துக்கொண்டது.

“அட,” என்று தேடித்தேடிச் சொன்னது குமிழ், “சும்மா அருந்துங்கள்.” மூன்றாவது சுளீர்.

செண்பகத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “சரி. ரெண்டு கரண்டி சீனி போடு. நிறையப் போடு” என்றாள். மணிக்கட்டில் முதலில் இளஞ்சூடாக வந்தது, பிறகு கதகதப்பு தோள்வரைக்கும் ஏறிற்று. கையிலிருந்த மாத்திரையை எப்போது எங்கே போட்டாள் என்று தெரியவில்லை.

அதிகாரி வந்தபோது இரண்டு பேரும் ஒரே வாசலில், ஒரு குவளையை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அதிகாரிப் பெண் இவள் பட்டையைப் பார்த்தாள், அவள் பட்டையைப் பார்த்தாள், தன் கையிலிருந்த திரையைப் புரட்டினாள். விலக்கும் இருக்கிறது, முடிச்சும் இருக்கிறது. விலக்கு விழுந்தவர்களுக்குள் முடிச்சு விழுவதாவது என்று நினைத்துத்தான், சட்டம் எழுதினவர்கள் அது செல்லாது என்று எழுதாமல் விட்டிருந்தார்கள். அவள் யாரையோ கூப்பிட்டுப் பேசினாள், இன்னொருவரைக் கூப்பிட்டுப் பேசினாள். அதற்குள் மூன்றாவது சங்கும் ஊதிவிட்டது. கப்பல் பனியை உடைத்துக்கொண்டு போகிற சத்தத்தை மூன்று பேரும் அந்த வாசலில் நின்றே கேட்டார்கள்.

இங்காவின் கிரேன் போனது போனதுதான். குளிர்காலம் முழுக்க வலைக் கொட்டகையில் உட்கார்ந்து கிழிசல் தைத்தாள். பட்டையில் மூன்று சிவப்புக் கோடு இருக்கிற ஆள் என்று கடையில் ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வேண்டாம் என்றால் விடாத ஆளாம். செண்பகம் வேலை முடிந்ததும் கொட்டகைக்குப் போய் அவள் பக்கத்தில் உட்காருவாள். கிரேனைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. ஆனால் துறைமுகப் பக்கம் ஏதாவது தூக்குகிற சத்தம் கேட்டால் இங்காவின் கை ஊசியோடு நின்றுவிடும். அப்போதெல்லாம் செண்பகத்துக்கு நெஞ்சை அறுக்கும். ஞானதுரை அண்ணாச்சி விஷயத்தைக் கேள்விப்பட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தூக்குச்சட்டியில் சாம்பாரை எடுத்துக்கொண்டு ஹென்ரிக் வீட்டுப் பக்கம் போனார் என்று ரொசாரியோ சொன்னான். கதவு திறந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை.

பனி உருகி, முதல் கப்பல் வந்தது. ஆதிரை வந்தாள். இறங்கினதும் குளிரில் வாயைத் திறந்து திறந்து புகை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டில் பட்டையை மாட்டிவிட்டார்கள். வீட்டில் நுழையும்போதே இங்கா அடுப்பிலிருந்து சுடச்சுட ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். ஏலக்காய் மணக்கிற பன், மேலே சர்க்கரை. அவ்வளவு உயரமான ஆளை அண்ணாந்து பார்த்த ஆதிரை, அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

சாப்பிடுகிறாயா என்று இங்கா கேட்டாள்.

“வேண்டாம்” என்றாள் பிள்ளை. சின்னக் குரல். அவள் பட்டை சில்லிட்டிருக்க வேண்டும், கையை உதறிக்கொண்டாள்.

இங்கா நகரவில்லை. தட்டைப் பிடித்தபடி, ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் செண்பகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“இது எந்த வேண்டாம்?”

செண்பகம் குனிந்து மகளைப் பார்த்தாள். புடவைக்கு வெளியே ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் தட்டைவிட்டு நகரவில்லை.

“இன்னொரு தடவ கேளு” என்றாள்.